மாப்பிள்ளைத் துண்டு

முதலில் கேட்டது சத்தம்தான்.

மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ ஒன்று மெல்லிய குரலில் ஊளையிட்டது. நின்றது. மறுபடி ஊளையிட்டது.

சென்னியப்பன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கூரைத் தகரத்தில் மழை. அதையும் தாண்டி அந்தச் சத்தம் வந்தது.

இரும்பை அறுத்தால் இப்படிக் கேட்காது. இரும்பு கரகரவென்று கத்தும். இது டைட்டானியம்.

எந்தத் துண்டு அறுபடுகிறது என்பதும் அவருக்குத் தெரியும்: உடைந்து திரும்பி வந்த ஒன்று. தெரிந்துதான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்திருந்தார்.

சத்தம் அடங்கியது. கதவைத் தள்ளினார்.

"அது என்னுதுங்களா?"

மைமூன் திரும்பிப் பார்க்கவில்லை. அறுத்த துண்டைத் தண்ணீரில் அலசினாள்.

"நம்பர் உங்களுதுங்ணா."

"நம்பரைக் கேக்கல அம்மணி. கையைக் கேக்கறேன்."

அவள் ஈரத்துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தேய்ங்க" என்றாள்.

*

மலுமிச்சம்பட்டியைத் தாண்டி இருந்த அந்தப் பட்டறையில், இடுப்பு மூட்டுக்கு வைக்கிற தண்டுகளைச் சூடேற்றி அடித்து உருவாக்கினார்கள். தொடை எலும்புக்குள் இறங்குகிற தண்டு. ஒரு சாண் நீளம்.

ஹேமர் இயந்திரத்தில் நின்று அடிப்பவர் சென்னியப்பன். இருபத்தாறு வருடம் இரும்பு அடித்தவர். டைட்டானியத்துக்கு வந்து மூன்று வருடம்.

அடித்ததில் ஒன்றை அறுத்து, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தேறியதா இல்லையா என்று எழுதுகிறவள் மைமூன். வயதில் அவரைவிடப் பதினேழு வருடம் சின்னவள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவரே வந்து கேட்டார்.

"மேல அடிக்கத் தெரியுது. உள்ள என்ன ஆகுதுன்னு தெரியல. எனக்குச் சொல்லித் தரோணும்."

அன்றைக்கும் அவள் சொன்னது 'தேய்ங்க' என்ற அந்த ஒரு சொல்தான்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் வந்து உட்காருவார். தேய்ப்பார். அந்த நேரத்துக்கு ஹேமரில் கூட வேலை செய்கிற ராக்கியண்ணன் நிற்பான். "பள்ளிக்கூடத்துக்கு மணியடிச்சாச்சு. சென்னி, சிலேட்டை எடுத்துக்க" என்பான். அடுப்பு பார்க்கிறவர்கூடச் சிரிப்பார்.

தேய்க்கச் சொன்னதைத் தவிர மைமூன் வேறெதுவும் சொல்லித் தரவில்லை.

*

வட்டத் தட்டு சுழன்றது. உப்புத்தாளின் மேல் தண்ணீர் ஓடியது. சென்னியப்பன் துண்டை அழுத்திப் பிடித்தார்.

"இதை வெச்சிருந்த அந்தம்மா ஆருங்க?"

"கூட வந்த சீட்டுல பேரு போடல. வயசு நாப்பத்தி மூணு. நூல் மில்லுல வேலை."

"வெச்சு எத்தன நாளாச்சு?"

"ரெண்டு வருசம்."

"எப்படி ஒடஞ்சுதாமா?"

"பஸ்ஸை உட்டு எறங்கியிருக்காங்க."

"உழுந்துட்டாங்களாக்கும்."

"இல்லீங்ணா. எறங்குனாங்க. காலை ஊனுனாங்க. அவ்வளவுதான்."

தட்டு சுழன்றது.

"டிரைவர் படக்குன்னு எடுத்திருப்பான்."

"இருக்கலாம்."

"டாக்டர் சரியா எறக்காம உட்டிருக்கலாமில்லீங்க?"

"இருக்கலாமுங்ணா."

"அந்தம்மா கனத்த ஒடம்போ என்னமோ."

"நாப்பத்தெட்டு கிலோ."

சென்னியப்பன் துண்டை இன்னும் அழுத்தினார்.

"அப்ப டிரைவர்தான்" என்றார்.

"தாளை மாத்துங்க. கோடு போயிருச்சு."

அவர் மாற்றினார். இன்னும் நைசான தாள். முதல் தாள் போட்ட கோடுகளுக்குக் குறுக்காகத் துண்டைத் திருப்பிப் பிடித்தார். அந்தக் கோடுகள் அழியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு இன்னொரு தாள். பிறகு இன்னொன்று.

"காலையில மேனேஜர் இங்க வந்துட்டுப் போனாராமா?"

"வந்தார்."

"என்ன சொன்னார்?"

"நாலு மணிக்கு ரிப்போர்ட் வேணுமாம். நோயாளி தவறி விழுந்ததாப் போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதின்னார்."

"போடப் போறீங்களா?"

"இன்னும் தேய்ச்சு முடியலீங்களே."

*

துணியில் மெருகேற்றியதும் துண்டின் முகம் கண்ணாடி மாதிரி ஆனது. கூரை விளக்கும் சென்னியப்பனின் மூக்கும் அதில் தெரிந்தன.

மைமூன் கையுறை மாட்டிக்கொண்டு அமிலப் பஞ்சால் ஒற்றினாள். சில நொடி. கண்ணாடி மங்கியது. கழுவி, காற்றில் உலர்த்தி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள்.

முக்காலியைவிட்டு அவள் எழுந்துகொண்டாள். உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.

மூன்று மாதமாக அந்தக் குழலுக்குள் அவர் பார்த்தது ஒரே காட்சி. உருண்டை உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிய மணிகள். வேகவைத்த சாமைச் சோறு மாதிரி. உலோகம் நன்றாக அடிபட்டு, நன்றாக ஆறியிருந்தால் அப்படி இருக்கும் என்று தானாகவே புரிந்துகொண்டிருந்தார்.

இப்போதும் அதுதான் தெரிந்தது.

"நல்லாத்தானுங்க இருக்குது!" அவர் குரல் உயர்ந்தது. "சோறு சோறாத்தான் இருக்குது. வந்து பாருங்க."

"அது ஓரம். நடுவுக்குப் போங்க."

திருகைத் திருப்பினார். சோறு நகர்ந்தது. குறைந்தது.

பிறகு இல்லை.

நீள நீளமான தகடுகள். ஒரு கட்டு இந்தப் பக்கம் சாய்ந்தது, அதை வெட்டிக்கொண்டு இன்னொரு கட்டு அந்தப் பக்கம். திருப்பத் திருப்ப அதேதான்.

"இதென்னங்க, கோரைப்பாய் பின்னுன மாதிரி?"

"அதான்."

"எதான்?"

"அது வழியாத்தான் ஒடஞ்சிருக்கு."

சென்னியப்பன் கண்ணை எடுக்கவில்லை.

"அடுப்பு எகிறிப்போச்சுங்களா அன்னைக்கு?"

"அன்னைக்கு அடுப்புச் சூட்டைக் குறிச்ச சுருளை எடுத்துப் பாத்தேன். தொள்ளாயிரத்து நாப்பது டிகிரி. ஒரு கோடு பிசகல."

"ஆயிரத்தை நெருங்குனாத்தான இப்படிக் கொணம் மாறும்? போர்டுல அப்படித்தான போட்டிருக்குது?"

"ஆமாங்ணா."

"அடுப்பு குடுக்கல. அப்ப மிச்சச் சூடு எங்கிருந்து வந்துது? அதும் நடுவுல மட்டும்?"

மைமூன் மேசைப் பக்கம் திரும்பினாள்.

பார்சலைக் கட்டி வந்த கட்டுக்கம்பி மேசையில் கிடந்தது. எடுத்தாள். ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் மடக்கினாள். ஆறு தடவை. மூச்சுவிடாமல். மடங்கிய இடத்தை அவர் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தாள்.

சென்னியப்பன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கம்பியின் வேறொரு இடத்தைப் பிடித்தாள். ரெண்டு தடவை மடக்கினாள். கம்பியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். மழையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எடுத்து ரெண்டு தடவை. மறுபடி மழை. மறுபடி ரெண்டு.

அதையும் அவர் மணிக்கட்டில் வைத்தாள்.

இந்தத் தடவை கை அப்படியே இருந்தது.

*

அடுப்பில் ஒரு தடவைக்கு இருபத்திநாலு துண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர். கடைசியாக அடிக்கிற துண்டு சோதனை அறைக்குப் போகும். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அதுதான் முறை.

ஹேமர் பக்கம் அந்தக் கடைசித் துண்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர். மாப்பிள்ளைக்கு ரெண்டு அடி. பிறகு அடுப்புக்குள் சற்று இளைப்பாறல். மறுபடி ரெண்டு அடி. மறுபடி அடுப்பு. மறுபடி ரெண்டு. பெண் வீட்டார் பார்க்க வருகிறார்கள் அல்லவா.

மற்ற இருபத்திமூன்றும் பந்திக்கு வந்த கூட்டம். ஆறு அடி, ஒரே மூச்சில்.

டைட்டானியம் மேலே சீக்கிரம் ஆறிவிடும். ஆறினால் ஓரம் வெடிக்கும். வெடித்தால் கண்ணுக்குத் தெரியும், திட்டு விழும். அதனால் ஆறுவதற்குள் அடித்து முடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். இரும்பில் அப்படித்தான் பேர் வாங்கினார் சென்னியப்பன்.

நிறுத்தி அடிக்க வேண்டும், நடுவே அடுப்பில் வைக்க வேண்டும் என்று ஹேமருக்கு எதிர்ச்சுவரில் தாள் ஒட்டியிருந்தது. அது சோதனை அறையின் ஆசாரம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர்களுக்குப் போகிற துண்டுக்கு அவர்கள் ஆசாரப்படி செய்தார்கள்.

வெளியே ஆறிக்கொண்டிருந்த துண்டு விடாத அடியாலேயே உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

*

"இரும்பா இருந்தா இன்னொரு சூடு குடுத்தாப் போதும்" என்றார் சென்னியப்பன். "எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசா ஆயிரும்."

"இது மறக்காதுங்ணா. சூடு குடுக்கக் குடுக்க இன்னும் பெருசாகும்."

"அடிச்சா?"

"கம்மிச் சூட்டுல, நிறுத்தி நிறுத்தி, ரொம்ப நேரம் அடிச்சா சரியாகும். ஆனா அதுக்குத் துண்டு கையில இருக்கோணும்."

அவர் புரிந்துகொண்டார்.

"இந்த நம்பர்ல மொத்தம் இருபத்திநாலு."

"ஒண்ணு இங்க வந்துது. இருபத்திமூணு வெளிய போச்சு. அதுல ஒண்ணு இப்பத் திரும்பி வந்திருக்கு."

"இருபத்திரெண்டு பேரு."

"ஆமா."

"நடந்துட்டுத்தான இருக்காங்க?"

"இப்ப வரைக்கும்."

"மத்த நம்பர்?"

மைமூன் அலமாரியைப் பார்த்தாள். மூன்று வருடத்துக் கோப்புகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவரும் பார்த்தார். பார்த்த உடனே தலையைத் திருப்பிக்கொண்டார்.

மழை கொஞ்சம் விட்டது.

"அம்மணி." அவர் குரலைத் தாழ்த்தினார். "கடைசித் துண்டை நாங்க தனியா அடிக்கறது மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, ராக்கியண்ணனுக்கு, அடுப்புக்காரருக்கு. வேற ஆருக்கும் தெரியாது."

"நாலு பேருக்குங்ணா."

"நாலாவது ஆரு?"

அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ராக்கியண்ணன் அடித்துக்கொண்டிருந்தான்.

டம் டம் டம் டம் டம் டம்.

கொஞ்சம் இடைவெளி. அடுத்த துண்டு.

டம் டம் டம் டம் டம் டம்.

அடுத்தது. அதற்கடுத்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளைக்குள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வட்டம் எழுந்தது.

பிறகு, டம் டம்.

ஒன்றுமில்லை. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும். நெடுநேரம் ஒன்றுமில்லை.

டம் டம்.

"மாப்பிள்ளை" என்றாள் மைமூன்.

அந்தப் பெயரை அவர் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

*

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"மொத வருசமே. சுவரு மெல்லிசு."

"தெரிஞ்சுமா தேறுச்சுன்னு எழுதுனீங்க?"

"மொதல்ல, கடைசித் துண்டு வர்றதுக்குள்ள கை சலிச்சுப் போயிருமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"பொறகு?"

"பொறகு நெனக்கறதை உட்டுட்டேன்."

சென்னியப்பன் எழுந்துவிட்டார். முக்காலி சாய்ந்து விழுந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இந்தா, பத்தடி தூரம். வந்து, 'யோவ், என்னய்யா பண்றீங்க'ன்னு கேட்டிருந்தா?"

"கேட்டிருக்கலாம்."

"எதுக்குக் கேக்கல?"

"எல்லாம் தேறிட்டு இருந்துதுங்ணா. மூணு வருசத்துல என்னோட எழுத்துல ஒரு தள்ளுபடி இல்ல. அது நல்லா இருந்துது."

அவர் முக்காலியை நிமிர்த்தி வைத்தார். உட்காரவில்லை.

"அப்பறம் என்னை எதுக்கு மூணு மாசமாத் தேய்க்கச் சொன்னீங்க?"

"நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன்."

"என்னத்தை?"

"எல்லாத் துண்டும் எப்படி ஒரே மாதிரி அழகா இருக்குதுன்னு."

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"எனக்குப் பெருமையா இருந்துது" என்றார்.

"எனக்கும்."

மைமூன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். எழுதினாள். இரண்டு வரிகள். அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'சோதனைக்கு வந்த துண்டும் வெளியே போன துண்டுகளும் ஒரே மாதிரி அடிக்கப்பட்டவை அல்ல. இது எனக்குத் தெரியும். மைமூன்.'

கீழே மீதித் தாள் காலியாக இருந்தது.

"இதைக் குடுத்தா அந்த இருபத்திரெண்டு பேரையும் கூப்புட்டு உடுவாங்க."

"உடுவாங்க."

"தொடையை மறுபடி கிழிப்பாங்க."

"சில பேருக்கு."

"ஒண்ணும் ஆகாத ஆளையும் சேத்துப் பயமுறுத்துன மாதிரி ஆகும்."

"ஆகும்."

"நமக்கு வேலை போயிரும்."

"போயிருமுங்ணா."

"குடுக்கலீன்னா?"

மைமூன் யோசித்தாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"பஸ்ஸுல போய்ட்டு இருப்பாங்க."

*

சென்னியப்பன் வெளியே வந்தார். ஹேமர் பக்கம் போனார்.

ராக்கியண்ணன் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அடித்து முடித்த துண்டுகள் மணலில் குவியலாகக் கிடந்தன. இன்னும் சிவப்பு போகவில்லை. ஒன்று மட்டும் தனியாக, ஒரு தகட்டின் மேல்.

"வாப்பா வாத்தியாரே. அதுக்குள்ள பள்ளிக்கூடம் உட்டாச்சா?"

சென்னியப்பன் இடுக்கியை எடுத்தார்.

"மாப்ள இங்க இருக்கறாரு பாரு" என்றான் ராக்கியண்ணன். "குளிப்பாட்டிப் பொட்டு வெச்சு உக்கார வெச்சிருக்கறேன்."

சென்னியப்பன் தகட்டைத் தாண்டிப் போனார். குவியலுக்குள் இடுக்கியை விட்டார். நடுவிலிருந்து ஒன்றை உருவினார்.

"ஏப்பா. அது இல்ல. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"தெரியுது."

"அதையா அறுக்கக் கொண்டு போற?"

"ஆமா."

"வெளையாடறயா?" ராக்கியண்ணன் கிட்டே வந்தான். "சென்னி, அதை அறுத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?"

 

அடுப்புக்காரர் கதவைத் தூக்கினார். அடுத்த இருபத்திநாலு உள்ளே மஞ்சளாக ஒளிர்ந்தது. முதல் துண்டை எடுத்து ஹேமரின் அச்சில் வைத்தார். ராக்கியண்ணனின் கால் பழக்கப்படி மிதிகட்டைக்குப் போனது.

சென்னியப்பன் அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடுக்கியின் நுனியில் துண்டு மங்கிக்கொண்டு வந்தது.

"எம்பட சோத்துலயும் சேத்து மண்ணள்ளிப் போடறயா நீயி" என்றான் ராக்கியண்ணன்.

சென்னியப்பன் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.

"ஆயிரக்கணக்குல அடிச்சாச்சுடா. இனி நிறுத்தி என்ன ஆகப் போகுது?"

 

அச்சில் இருந்த துண்டு கறுத்தது.

ராக்கியண்ணன் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தான்.

*

சோதனை அறையில் மைமூன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் தாள் அதே இடத்தில் இருந்தது.

சென்னியப்பன் சூடான துண்டை மூலையில் இருந்த மணல் தட்டில் வைத்தார். சட்டையில் கையைத் துடைத்தார். பேனாவை எடுத்தார்.

எழுதிப் பழக்கமில்லாத கை. எழுத்து ஒவ்வொன்றும் பெரிதாக வந்தது.

'எனக்கும் தெரியும். அடித்தது நான்.'

அந்த வரியில் பெயர் எழுத இடம் போதவில்லை. ஓரத்தில் மடக்கி எழுதினார்.

"இதை எப்ப அறுக்கலாம்?" மணல் தட்டைக் காட்டினார்.

"ஆறட்டுங்ணா."

"எவ்வளவு நேரம்?"

"கைல தொட முடியற வரைக்கும்."

மாடிப்படியில் மேனேஜரின் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. மைமூன் தாளை நேராக்கி வைத்தாள்.

உடைந்த தண்டின் மறுபாதி இன்னும் தேய்க்காமல் கிடந்தது. சென்னியப்பன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புதுத் தாளை நனைத்துத் தட்டில் ஒட்டினார். தண்ணீரைத் திறந்துவிட்டு, துண்டை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.